பன்னிரண்டு சின்ன பாட்டில்களும் என் வெப்ப அறையும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரகடம் பக்கம் கம்பெனிக்குக் குழி தோண்டிய காலத்தில் அந்தக் குழியில் இறங்கி மண் அள்ளினேன். பிறகு அதே கம்பெனி வாசலில் உடைந்த பலகைகளை வாங்கி, ஆணி பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்து விற்றேன். பேங்கில் கையை விரித்தார்கள். மழை வெள்ளத்தில் ஷெட் மூழ்கி, பலகை எல்லாம் ஏரிக்கரை வரை மிதந்து போனது. போய்ப் பொறுக்கி வந்தேன். இன்று வடக்குப்பட்டில் என் ஷெட்டில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இந்தப் பக்கத்து இயந்திரப் பாகங்கள் நாங்கள் அடிக்கும் மரப்பெட்டியில்தான் கப்பல் ஏறுகின்றன. வெளிநாடு போகும் மரத்துக்குப் பூச்சி சாகிற அளவு சூடு காட்ட வேண்டும் என்று சட்டம். அதற்கான வெப்ப அறையை, வரைபடம் கிடையாது, என்ஜினீயர் கிடையாது, நானே நின்று கட்டினேன். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு எனக்கென்று ஒரு முத்திரை எண் கொடுத்தார்கள். வீட்டுக்கு மேலே மாடியும் எடுத்தேன், வெளிநாட்டுக்காரர் குடியிருக்கிற மாதிரி.

இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பாட்டில்களை நான் கெடுத்தேனா, இல்லை நல்லதாக்கினேனா?

மாடிக்கு வந்தவர் ஹங்கேரிக்காரர். கம்பெனியில் பெயின்ட் லைன் போட வந்த என்ஜினீயர். லைனில் பசங்களோடு நின்று நின்று, ஆறே மாதத்தில் அவர்கள் பேசுகிற தமிழையே பேச ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி என்னை முதலாளி என்பார். வரும்போது துணிப்பெட்டியில் சாக்ஸுக்குள் சுற்றிச் சில சின்ன பாட்டில்கள் கொண்டுவந்திருந்தார். ஆஃப் பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது, ஃபுல்லைவிடச் சின்னது. அடுத்தடுத்து ஊருக்குப் போய்வந்ததில் எல்லாம் சேர்ந்து பதினெட்டு ஆகிவிட்டது. அவருடைய அப்பா சாவதற்கு முந்தின வருடம் போட்ட இனிப்பு ஒயின்.

"அழுகுன திராட்சைல செஞ்சது முதலாளி," என்றார். "கொடிலயே அழுகணும். அப்புறம்தான் புழியணும்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாய்யா இது, அழுகுனத குடிக்கவா இம்மாந்தூரம் தூக்கினு வந்துது இந்தப் புள்ள?"

நான் குடிகாரன் இல்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் ஒரு பாட்டிலைத் திறப்பார். இருட்டான அலமாரியில், ஏசி காற்றில், படுக்க வைத்திருந்த பாட்டில். எனக்கு இருமல் மருந்து மூடியில் ஊற்றித் தருவார். என் நாக்கில் என்ன தெரிகிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். கமலாப் பழத் தோல் என்றேன். தேன் என்றேன். கடைசியில் ஒரு புளிப்பு வந்து கன்னத்தை இழுக்கிறது என்றேன். நாட்டு மருந்துக் கடை அரிஷ்டம் போல இருக்கும் என்று நினைத்தவனுக்கு அப்படி இல்லாதது குழப்பம். மூன்று வருடமும் ஏறக்குறைய அதே ருசிதான். பிறகு எதற்குக் காத்திருக்கிறார் என்று கேட்டேன். "மெதுவா வயசாவுது முதலாளி. அவசரப்பட்டா போச்சு," என்றார்.

அவர் ஊருக்குத் திரும்புகிற சமயத்தில் பன்னிரண்டு மீதி. வீட்டுச் சாமான்கள் கப்பலில் போக ஏற்பாடு. பாட்டில்களுக்குப் பெட்டி நானே செய்தேன். ஆணி இல்லாமல் பலகைக்குப் பலகை கோர்த்து, பசை வைத்து, உள்ளே மரச்சுருள் திணித்து. அப்படி ஒரு பெட்டி இந்தப் பக்கத்தில் வேறு எவனும் செய்யமாட்டான். அவர் முன்னாடியே விமானம் ஏறிவிட்டார். போகும்போது சொன்ன ஒரே வார்த்தை, "சூடு மட்டும் ஆவாது முதலாளி."

மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது: பெட்டிக்கு முத்திரை இல்லை. சூடு காட்டாத புது மரம். மதியம் மூன்று மணிக்கு வண்டி வருகிறது. பெட்டியைப் பிரித்தால் கோர்ப்பு உடையும். முத்திரை போடாமல் விட்டால் துறைமுகத்தில் நிற்கும். சூடு காட்டாமல் முத்திரை மட்டும் போடுவது என் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

"உள்ள தள்ளு," என்றேன்.

வெப்ப அறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதலாளி, உள்ள ஒயின் பாட்டில்லா இருக்கு? வெந்துராதா?"

"மரத்துக்குத்தான்யா சூடு. சுத்தி சுருள் அடைச்சிக்கீது. பாட்டிலுக்கு இன்னா தெரியப் போவுது?"

"நீங்க சொன்னா சரிதான். பொறவு என்னைய சொல்லப்பிடாது."

மரத்தின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரி ஏறி, அரை மணி நேரம் நிற்க வேண்டும். அன்று பெரிய பலகைகளும் கூட இருந்ததால் ஐந்து மணி நேரம் ஓடியது. வண்டிக்காரனை நிறுத்திவைத்தேன். பெட்டி வெளியே வந்ததும் பாகு காய்ச்சுகிற வாசனை. ஒரு மூலையில் பிசுபிசுப்பு. எறும்பு வரிசை கட்டிவிட்டது. ஈரத்துணியால் துடைத்து, முத்திரை குத்தி, ஏற்றி அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசியில் மெஷின் சரிபார்க்க அவர் திரும்ப வந்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சாக்ஸுக்குள் இருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று இத்தனை நாள் அவர் ஊரை விட்டே நகராமல் அப்பாவின் நிலவறையில் கிடந்தது, தேன் நிறம். இன்னொன்று என் பெட்டியில் போனது. கெட்டி டிகாக்ஷன் நிறம்.

மூடியில் ஊற்றினார். முதலாவது பழைய ருசி, அதே கமலாத் தோல். இரண்டாவதில் கருகின சர்க்கரை, காய்ந்த அத்திப்பழம், வறுத்த முந்திரி. முதலாவதுதான் நல்லது என்று முடிவு செய்தேன். இரண்டாவதை மறுபடி நக்கினேன். அதுதான் என்று தோன்றியது. திரும்ப முதலாவதுக்கு வந்தால் தண்ணியாக இருந்தது. என் நாக்கை நானே நம்பாமல் போனது அன்றுதான்.

மனைவி டம்ளரை நீட்டினாள். "அதிரசப் பாகு மாதிரி கீது. இன்னும் கொஞ்சம் ஊத்து தம்பி."

அவர் சிரிக்கவில்லை. "என் அக்கா என்கூட பேச மாட்டேங்குது. சூட்டு ஊருக்கு எடுத்துனு போய் அப்பா ஒயின கொன்னுட்டேன்னு சொல்லுது. மச்சான் மட்டும், இவ்ளோ நல்ல ஒயின் குடிச்சதே இல்லன்றாரு. ஆறு பாட்டில்தான் பாக்கி. அப்பா நினைவு நாளுக்கு ஊரே வந்து குடிக்கும். பாட்டில் கழுத்துல அட்டை கட்டணும், அதுல அதோட கதை எழுதணும்." நோட்டைத் திறந்து என் பழைய வார்த்தைகளைக் காட்டினார். "மூணு வருசம் நம்ப சேர்ந்துதான் பார்த்தோம். கலர் மாறல. அப்புறம் இன்னா ஆச்சு முதலாளி? கப்பலா?"

கப்பல் என்று சொல்லியிருக்கலாம். கப்பல் வந்து மறுக்கப் போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தப்பு செய்யாத மனிதர் கூடப்பிறந்தவளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"கப்பல் இல்ல தம்பி. நான்தான்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு வரைக்கும்.

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, "எவ்ளோ டிகிரி? எவ்ளோ நேரம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கும் புரியவில்லை, என் மனைவிக்கும் புரியவில்லை. நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். அவர்கள் பாஷையில் அந்தம்மா வெகுநேரம் கத்தினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இன்னா சொல்லுது?" என்றேன்.

"எந்த மாதிரி ரூம்னு கேக்குது," என்றார்.

நானே ஷெட்டுக்கு அழைத்துப் போய்ப் போனில் வெப்ப அறையைக் காட்டினேன். ஃபோர்மேன் பின்னால் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேன்லா," என்று அந்தம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அக்காளும் தம்பியும் அப்புறம் அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். நல்லதா கெட்டதா என்று கடைசி வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊருக்குப் போய் அட்டையில் எழுதப்போவதைப் படித்துக் காட்டினார்: அப்பா செய்தது, மூன்று கோடை தமிழ்நாட்டில் இருந்தது, வழியில் சூடு பட்டது.

வழியில் படவில்லை. கோடையும் செய்யவில்லை. தேவதாரு மரத்தில் ஆறு சின்னத் துண்டு அறுத்து, ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் என் முத்திரையைச் சுட்டு அவர் கையில் கொடுத்தேன். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். தம்பி, ஆரம்பித்தது உன் அப்பா, முடித்தது நான். உன் அக்கா சொல்கிற மாதிரி கெட்டுப்போயிருந்தால் கெடுத்தவன் என்று போடு. மச்சான் சொல்கிற மாதிரி என்றால் அதையும் போடு. எதுவாக இருந்தாலும் அந்த ஆறு கழுத்திலும் என் துண்டு தொங்க வேண்டும்.