மைக் இல்லாத ஹெட்செட்

வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. சம்பளத்தைச் சொன்ன பிறகு அக்கா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“செல்போன் கடையில இப்ப வாங்குறதை விடக் கம்மியா? ஏண்டி, முன்னேற்றம்னா மேல ஏறுறதுன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்!”

“முதல் ஒரு வருஷம்தான்க்கா. அப்புறம் ரெண்டாவது மாடிக்குப் போகலாம். மெஷினைத் திறந்து பாக்குறவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க.”

“அந்த ஒரு வருஷம் என்ன செய்வே?”

“போன் எடுக்கணும். இன்டர்நெட் வரலைன்னு கூப்பிடுவாங்க. என்னன்னு கேட்டுச் சரி பண்ணணும்.”

“அதைத்தான் இருபது வருஷமா எங்களுக்குச் சும்மா செய்யறியே!”

“இப்பச் சம்பளத்துக்குச் செய்வேன்.”

“அந்தச் சம்பளத்துக்கு, சும்மா செய்யறேன்னே சொல்லிக்கலாம். கௌரவமாவது மிஞ்சும்.”

அக்கா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தக் குடும்பத்தில் எந்தக் கருவி மக்கர் செய்தாலும் கூப்பிடுவது இவளைத்தான். சித்தப்பா டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படம் வரவில்லை என்று கம்பெனிக்காரனைச் சபித்த நாளிலும் இவள்தான் போனில் இருந்தாள். முப்பத்தாறு வயதில், பகலெல்லாம் செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டும் வேலை. குமிழி விழாமல் ஒட்டுவதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆனால் ஒட்டி ஒட்டி அலுத்துவிட்டது. கைக்கு வரும் போன் எல்லாம் மூடியே வருகிறது, மூடியே போகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் முதலாளி, “உள்ளே என்ன நடந்தா உனக்கென்ன? மேல ஒட்டு” என்பார்.

உனக்கென்ன என்று அவளிடம் சொல்வது, பசித்தவனிடம் சாப்பாடு எதற்கு என்று கேட்பது மாதிரி. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு முறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூன்று குடை வைத்திருந்தார். ஒரு ஆளுக்கு எதற்கு மூன்று குடை? கேட்காமல் இறங்க மனம் வரவில்லை. கேட்டு, அவர் இருமி, தொண்டையைச் செருமி, “மூணுமே ஓட்டைம்மா, இன்னிக்கு எது கம்மியா ஒழுகுதுன்னு பாக்கலாம்னு” என்று சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தாள். நஷ்டம் என்று தோன்றவே இல்லை.

கணவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன், பேசினால் நேராகப் பேசுகிறவன். சோபாவில் கால் நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கிளம்பிய பிறகு சொன்னான்.

“நீ அங்க போனா, நான் ஞாயித்துக்கிழமை ட்ரிப்பையும் எடுத்தாத்தான் வீடு ஓடும். தெரியும்ல?”

“தெரியுங்க.”

“எனக்கு இருக்கிறதே அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான்.”

கடைச் சம்பளத்தில் அவள் இழப்பதை இவனுடைய தூக்கத்தில் ஈடுகட்ட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

“வேண்டாம்னு சொல்லலை,” என்றான் அவன். “அந்த வேலை அவ்வளவு பெறுமான்னு பாத்துட்டு வந்து சொல்லு. எனக்காக விட்டுட்டேன்னு மட்டும் பின்னாடி சொல்லிக்காட்டாதே. அது ஞாயித்துக்கிழமையை விட விலை ஜாஸ்தி.”

பார்ப்பதற்கு வழி இருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சேருவதற்கு முன்னால் ஆளை அரை நாள் கூப்பிட்டு, வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்காரவைத்து, காதில் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிவிடுவார்கள். வரும் போன்களைக் கேட்கலாம், பேச முடியாது. அந்த ஹெட்செட்டில் மைக் கிடையாது. இதற்கு அங்கே ‘காது நாள்’ என்று பெயர். காது நாள் முடிந்து மதியமே சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டியவர்கள் ஏராளம் என்று, புதன்கிழமை அவள் போய் நின்றதும் சூப்பர்வைசர் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் இரண்டு அடையாள அட்டை. ஏன் இரண்டு என்று கேட்கத் துருவிக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

நீள அறை. ஜன்னல் இருந்தது, திரை போட்டு மூடியிருந்தது. வரிசையாக மேசைகள், நடுவில் இடுப்புயரத் தடுப்பு. ஒரே நேரத்தில் முப்பது பேர் தாழ்ந்த குரலில் பேசினால் மழை பெய்வது போல் ஒரு இரைச்சல் வருகிறது. சுவரில் பெரிய திரை ஒன்றில் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை. எல்லோரும் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார்கள், பால் பொங்குகிறதா என்று பார்ப்பது போல.

அவளுக்கு வாய்த்தவர் ஐம்பதை நெருங்கும் வழுக்கைத் தலைக்காரர். அந்த அறை முழுவதற்கும் அவர் மாமா. சூப்பர்வைசரே அப்படித்தான் கூப்பிட்டார். நாற்காலியில் முதுகுக்குத் தலையணை, மேசையில் பாதி பின்னிய ஸ்வெட்டர்.

“இது எதுக்கு மாமா?” அவளும் ஐந்து நிமிடத்தில் மாமா என்று ஆரம்பித்துவிட்டாள்.

“மோடம்னு ஒரு பெட்டி இருக்கே, அதை அணைச்சுப் போடச் சொல்லுவோம். நூத்துக்கு எண்பது அதுலயே சரியாயிடும். அவங்க போனைக் கீழ வெச்சிட்டுப் போய் அணைச்சு, ரெண்டு நிமிஷம் பொறுத்துப் போடணும். அந்த ரெண்டு நிமிஷம் நமக்கு ஓய்வு. இந்த ஸ்வெட்டர்க் கை மட்டும் போன வருஷம் பூரா அதுலயே பின்னினது.”

முதல் அழைப்பிலேயே அவளுக்கு அந்த இரண்டு நிமிடம் பிடித்துப்போனது. மாமா ஊசியை எடுத்தார். அவள் காதைத் தீட்டினாள். கீழே வைத்த போன் வழியாக ஒரு வீடே கேட்டது. குழாய் சொட்டியது. யாரோ யாரையோ, “ஈரக் காலோட வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அதட்டினார்கள். அடுத்த அழைப்பு வந்த வீட்டில் ஒரு நாய், ஒரு கதவு, பிறகு நீண்ட விசும்பல். யார் அழுகிறார்கள், எதற்கு? அதற்குள் மோடம் வந்துவிட்டது. “நன்றி, வணக்கம்” என்று மாமா பொத்தானை அழுத்தினார். வீடு மறைந்தது.

“யார் மாமா அழுதது?”

“எங்க?”

“இப்ப. பின்னாடி.”

மாமா அவளை வேடிக்கையாகப் பார்த்தார். “பின்னாடி எல்லாம் கேட்டேன்னா நீ இங்க மூணு நாள் தாங்க மாட்டே. நான் முன்னாடி பேசுற ஆளை மட்டும்தான் கேப்பேன். அதுவும் பாதி.”

பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் லைனில் வந்தார். மெல்லிய, மரியாதையான குரல். இன்டர்நெட் தினமும் விட்டுவிட்டுப் போகிறது, சாயந்திரம் டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டும் என்றார். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை கூப்பிடுகிறாராம்.

“கவலைப்படாதீங்க ஐயா. மோடத்தை ஆஃப் பண்ணி, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க.”

“ஒவ்வொரு தடவையும் அதானே சொல்றீங்க. பண்றேன் தம்பி.”

போன் கீழே வைக்கப்பட்டது. மாமா ஊசியை எடுத்தார். துருவியின் காதில் முதலில் வந்தது ஒரு சீரான ரீங்காரம். அதனடியில் குமிழி குமிழியாகத் தண்ணீர்ச் சத்தம். மீன் தொட்டி! அவள் முகம் மலர்ந்தது. பெரிய தொட்டியாகத்தான் இருக்க வேண்டும். என்ன மீனோ? யார் தீனி போடுகிறார்கள்? செருப்புச் சத்தம் மெல்ல நகர்ந்தது. ஒரு சுவிட்ச் விழுந்தது.

ரீங்காரம் நின்றது. குமிழியும் நின்றது. அந்த இடத்தில் கீச்சென்று ஒரே சீராக ஒரு ஒலி கிளம்பியது.

மாமா ஊசியில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தார்.

மோடத்தை அணைத்தால் மீன் தொட்டி ஏன் நிற்கிறது? எது கத்துகிறது? அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தன் ஹெட்செட்டில் மைக் இல்லை என்பது நினைவுக்கு வந்தபோது அவள் ஏற்கெனவே மாமாவின் தோளுக்கு மேல் சாய்ந்து, அவருடைய மைக்கைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள்.

“ஐயா! ஐயா, வீட்டுல மீன் தொட்டி இருக்கா?”

“ஏய், என்னம்மா பண்றே!” மாமாவின் மடியிலிருந்து நூல்கண்டு உருண்டது.

மறுமுனையில் செருப்பு திரும்பி வந்தது. “மீன் தொட்டியா? இல்லையேம்மா.”

“இல்ல, தண்ணிக் குமிழி மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. இப்ப நின்னுபோச்சு. அதான் என்னன்னு…”

“ஓ, அதுவா. அது என் சம்சாரத்துக்கு மூச்சுக் காத்து குடுக்கிற மெஷின். ஆக்சிஜன். எல்லாம் ஒரே பிளக் பலகையிலதான் சொருகியிருக்கு. உங்க ஆளுதான் வந்து சொருகிட்டுப் போனாரு. பலகை பீரோவுக்குப் பின்னாடி, எனக்குக் கை எட்டாது. அதான் சுவத்து சுவிட்சையே அணைச்சிடறேன். அது கொஞ்ச நேரம் கத்தும். நீங்க போடச் சொன்னதும் அடங்கிடும்.”

“ஐயா, போடுங்க!” மாமாவும் அவளும் ஒன்றாகக் கத்தினார்கள். வரிசையில் நாலு தலை திரும்பியது. “சுவிட்சைப் போடுங்க, உடனே!”

செருப்பு வேகமாகப் போயிற்று. ரீங்காரம் வந்தது. சற்று நேரத்தில் குமிழி வந்தது. தூரத்தில் ஒரு பெண் குரல், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, “சரியாயிடுச்சா… டாக்டர் வந்துட்டாரா?” என்று கேட்டது.

“அவ பொறுத்துக்குவா,” என்றார் பெரியவர் மன்னிப்புக் கேட்கிறவர் போல. “ரெண்டு நிமிஷம்தானே, நான் இருந்துக்கறேன்னு சொல்லுவா. நீங்க படிச்சவங்க சொல்றப்ப…”

மாமா மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, இனிமேல் அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது, நாங்களே ஆள் அனுப்பி மோடத்தை வேறு பிளக்கில் மாற்றுகிறோம் என்று இரண்டு முறை சொன்னார், அவரை ஒரு முறை திருப்பிச் சொல்லவைத்தார். அழைப்பை முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பதினோரு வருஷம்,” என்றார். “அணைச்சுப் போடுங்கன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எதை அணைக்கிறாங்கன்னு ஒருத்தரையும் கேட்டதில்லை.”

சூப்பர்வைசர் அம்மா வந்து நின்றார். பதிவைக் கேட்டார். திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று அவருக்கே தெரியாத முகம்.

“காது நாள்ல வாய் திறக்கக் கூடாது. சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மேடம்.”

“நீ காப்பாத்தணும்னா பேசினே?”

“இல்ல மேடம். என்ன மீன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். “இங்க பாரு, உள்ளதைச் சொல்றேன். சம்பளம் கம்மி, அது உனக்கே தெரியும். நிறையப் போன் முடிக்கிறவங்களுக்குத்தான் மேல கொஞ்சம் வரும். நீ ஒவ்வொரு வீட்டுலயும் மீன் தொட்டி விசாரிச்சா அதுவும் வராது.”

“பலகையில வேற என்ன சொருகியிருக்குன்னு கேக்கச் சொல்லி எழுதி வெச்சுடலாமே மேடம்?”

“இன்னிக்கே மேல எழுதறேன். எப்ப வரும்னு என்னைக் கேக்காதே.”

“அந்தப் பெரியவருக்கு நெட் ஏன் போகுதுன்னு கண்டுபிடிச்சா நமக்குச் சொல்லுவாங்களா? அந்த அம்மா டாக்டர்கிட்ட பேசிட்டாங்களான்னு?”

“மாட்டாங்க. அது ரெண்டாவது மாடி வேலை. அடுத்த தடவை அவர் கூப்பிட்டா யாருக்குப் போகும்னும் சொல்ல முடியாது. இங்க நமக்கு வர்றது நடுப்பக்கம் மட்டும்தான். முடிவு வராது.”

சம்பளத்தைக் கேட்டபோது கூட அவள் முகம் அப்படி விழவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவள் எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள். மீன் தொட்டியில் அவன் சிரித்தான். கீச்சென்ற சத்தத்தில் சிரிப்பை நிறுத்தினான். பாதியில் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் குனிந்து, தங்கள் வீட்டுப் பலகையில் என்னென்ன சொருகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, முழங்காலில் தூசியோடு வந்து உட்கார்ந்தான்.

“அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“தெரியாதுங்க.”

“கேக்க முடியாதா?”

“முடியாது.”

“ஒரு தடவை மூணு குடைக்காக ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போனவ நீ. தினம் நாப்பது வீடு பாதியில நிக்கும். தாங்குவியா?”

அதுதான் கேள்வி என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாகச் சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு முறை கூட யோசிக்கவில்லை. கடைக்குப் போனாள், கண்ணாடி ஒட்டினாள், ஒவ்வொரு போனைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இது எந்த மேசையில் போய் உட்காரும், அங்கே என்ன சத்தம் கேட்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தாங்குவேனான்னு தெரியலை,” என்றாள். “அதைத்தான் பாக்கணும்.”

“பாக்குறதுக்கு என் ஞாயித்துக்கிழமையா?”

“ஒரு வருஷத்து ஞாயித்துக்கிழமை. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நிஜமாச் சொல்றேன், சொல்லிக்காட்ட மாட்டேன்.”

அவன் நெடுநேரம் தலையைச் சொறிந்தான்.

“சரி, போ. ஆனா ஒண்ணு. ரெண்டாவது மாடிக்குப் போன அன்னிக்கு முதல் வேலையா அந்தப் பெரியவர் வீட்டு நெட் எதனால போச்சுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்.”

“உங்களுக்கு எதுக்குங்க?”

“எதுக்கா? நீ பாட்டுக்குப் பாதியைச் சொல்லிட்டே. இனி நான் எப்படித் தூங்குறது?”

அவள் போனை எடுத்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுச் சூப்பர்வைசர் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, கையோடு இன்னொன்றும் தட்டினாள்: “மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கழுத்துல ஏன் ரெண்டு அட்டை?”