தண்ணீர் நேரம் சொன்ன குரல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிப் போகிற ஆள் நான். பிறந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் வந்து படலையைத் தட்டினார்கள் என்று சொல்லாத வீடு அங்கே இல்லை, கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், செபம் சொல்வேன், மற்றதெல்லாம் மனப்பிராந்தி என்று இருந்தவள். இதை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீங்களும் நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், ஆனால் முழுக்கக் கேளுங்கள், ஏனென்றால் இதிலே பேசியது என்னுடைய குரல்.

போர்நிறுத்தச் சமாதானம் கெட்டுக்கொண்டு வந்த காலம். வவுனியாவில் ஒரு கொமினிக்கேசனில் வேலை செய்தேன். கைத்தொலைபேசி எல்லாரிடமும் இல்லாத அந்த நாளில் ஆட்கள் வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைத்துவிட்டுப் போகிற கடை. ஒரு நாள் குழாய்த் தண்ணீர்த் திட்டத்துப் பொறியியலாளர் அங்கே வந்தார், பெயர் வேண்டாம், கொழும்பில் படித்த மனிதர். நான் போனில் யாருக்கோ பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், "உங்கட குரல் நல்ல தெளிவாயிருக்கு தங்கச்சி, எங்கட மெஷினுக்குக் குரல் குடுப்பீங்களோ" என்று கேட்டார்.

அப்போது எங்கள் பக்கத்து வீதிகளுக்குக் குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் வாளியோடு காவல் இருப்பார்கள், குசினியில் உலை பார்க்க ஆளில்லாமல் கொதித்துக் கிடக்கும். அவர் வெளிநாட்டு உதவியோடு ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து பூட்டினார். எந்த வீதிக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது மூடுவது என்று அதுவே முடிவு செய்யும். ஒரு நம்பருக்குப் போன் எடுத்து உங்கள் வீதியின் இலக்கத்தை அமத்தினால் நேரத்தை அதுவே சொல்லும். "இது தொடக்கம்தான். அடுத்தது தெரு லைற், குப்பை வண்டி, பஸ் எல்லாம் இப்பிடித்தான். இனி இந்த ரவுண் தானா யோசிக்கும்" என்றார். அவர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது உண்மை. சண்டை தொடங்கப் போகிறது என்று எல்லாரும் அரிசி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் அப்படி ஒரு ஊரைக் கனவு கண்டார்.

பூட்டிய அறைக்குள் இருத்தி என் குரலைப் பதிந்தார்கள். வசனமாக இல்லை, சொல் சொல்லாக. வணக்கம். உங்கள் வீதிக்கு. இன்று. நாளை. காலை. மாலை. பிறகு எண்கள். மணிக்கு. நீர். வரும். வராது. இவ்வளவுதான் நான் சொன்னது. மெஷின் இவற்றை எடுத்துத் தைத்துத் தைத்துப் பேசும்.

நன்றாகத்தான் வேலை செய்தது. கடைக்கு வருகிற பெண்கள் என் முகத்தைப் பார்த்து, "நீங்கதானே தண்ணிப் பிள்ளை" என்று சிரிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

எங்கள் கடைக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கையில் தவமணி அக்கா இருந்தா. புருஷன் இல்லை, ஒரே மகன் சுதன், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜில் வேலை. ஒரு நாள் காலை கராஜ் வாசலில் வைத்து யாரென்று தெரியாத ஆட்கள் அவனை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டப்பகல், கடைத்தெரு நிறைய சனம், ஆனால் கேட்டால் ஒருவரும் காணவில்லை. பொலிஸ், ஆமி முகாம் என்று அக்கா ஏறாத படி இல்லை. ஒரு இடத்தில் இன்னொரு இடத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் முதல் இடத்துக்கே போகச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவன், "எவளையாவது கூட்டிக்கொண்டு ஓடியிருப்பான், பேரப்பிள்ளையோட வருவான், இரும்" என்று சிரித்தானாம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அழவில்லை, ஓடியிருந்தால் நல்லதுதானே என்று சொன்னா.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் வந்தா. முகம் கழுவிப் பொட்டு வைத்து, பார்த்தாலே ஆள் மாறியிருந்தா.

"உனக்குக் கோடி புண்ணியம் பிள்ளை."

"என்னக்கா, என்ன நடந்தது?"

"என்ன தெரியாத மாதிரிக் கேக்கிறாய். மகன் பின்னேரம் அஞ்சு மணிக்கு வாறான் எண்டு நீதானே போனில சொன்னனீ."

முன்வீட்டுப் போனில் தண்ணீர் நேரம் கேட்க எடுத்திருக்கிறா. துக்கத்தில் தண்ணீர் வரும் என்றது மகன் வருவான் என்று கேட்டிருக்கும் என்று நினைத்தேன், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அன்று அவன் வரவில்லை. அடுத்த நாளும் போன் எடுத்தா, மெஷின் வேறொரு நேரம் சொன்னதாம். அதற்கு அடுத்த நாள் இன்னொரு நேரம். அக்கா ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு வாசலில் குந்தியிருப்பா. வீட்டைப் பூட்டுவதில்லை, கடைக்குக்கூடப் போவதில்லை.

நானும் அதே இலக்கத்தை அமத்திக் கேட்டேன். தண்ணீர் நேரம்தான் சொன்னது. ஊரில் எல்லாருக்கும் தண்ணீர் நேரம்தான் சொன்னது.

முதலில் சனம் பாவம் என்றது, பிறகு அதுவே விளையாட்டாய்ப் போயிற்று. அக்காவைக் கண்டால் பெரிய மனிதர்களே, "இண்டைக்கு எத்தினை மணியாம் அக்கா?" என்று கேட்பார்கள். அவ அதைக் கேலி என்று எடுக்காமல் நேரத்தைச் சொல்லுவா. சுதனோடு கராஜில் வேலை செய்தவர்களே என் குரலைப் போல மூக்கால் பேசிக் காட்டுவார்கள், "உங்கள் மகன் இன்று மாலை" என்று. அவர்களும் சிரிக்க அவவும் சேர்ந்து சிரிப்பா. அதை என்னால் பார்க்க முடியாது, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இந்தக் கதை பொறியியலாளருக்கும் போனது. பேய் மெஷின் என்று சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது, பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிற நேரம் வேறு. என்னைக் கூப்பிட்டார். "அந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எல்லாருக்கும் முன்னால ஒருக்கா நம்பரை அடிச்சுக் கேக்கட்டும். அவவின்ர விசரும் தெளியும், எங்கட பேரும் மிஞ்சும்."

"பாவம் சேர், அவ தாங்கமாட்டா" என்றேன்.

"உண்மையைத் தாங்கத்தானே வேணும்" என்றார்.

அக்கா வரமாட்டேன் என்றா. "நான் போன நேரம் அவன் வந்தா?" என்றா. "இந்தா, போனவுடன வந்திடலாம், நானும் கூட வாறன்" என்று நான்தான் சொன்னேன். அவ வீட்டைப் பூட்டி, அந்தப் பூட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவு பூட்டியது அன்றைக்குத்தான்.

உச்சி வெயில். அலுவலகத்தில் இரண்டு வெள்ளைக்காரர், நாலைந்து உத்தியோகத்தர், மேசையில் பிஸ்கற்றும் தேத்தண்ணியும். அக்காவைச் சுவரோரக் கதிரையில் இருத்தினார்கள். பொறியியலாளர் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டு, தன் கையாலேயே நம்பரை அடித்து, அக்காவின் வீதி இலக்கத்தை அமத்தினார்.

"வணக்கம்" என்றது என் குரல். வழக்கமாக வருகிற சின்ன இடைவெளி. பிறகு சொன்னது:

"உங்கள் மகன் வந்திருந்தார். வீடு பூட்டியிருந்தது. திரும்பிச் சென்றுவிட்டார்."

அந்த அறையில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் கேட்டோம். தைத்த குரல் இல்லை அது, ஒரே மூச்சில் சொன்ன குரல். தமிழ் தெரியாத அந்த இரண்டு பேரும் மட்டும் திருப்தியோடு தலையாட்டினார்கள், ஒருவர் மெதுவாகக் கைதட்டவும் செய்தார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு எழும்பி ஓடினா. செருப்பையும் விட்டுவிட்டு அந்தத் தார் வீதியில் வெறுங்காலோடு ஓடினா, பின்னால் நான்.

படலை திறந்து கிடந்தது. முற்றத்துக் குழாயடி ஈரம், பைப்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அந்த வீதிக்குத் தண்ணீர் முறை இல்லை, மூடிக் கிடக்கிறது என்று சற்றுமுன்தான் கொம்பியூட்டர்த் திரையில் அவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். குழாயடியிலிருந்து சீமெந்து நிலத்தில் ஈரக் கால் அடிகள் போயின, கதவு வரைக்கும். கதவுக்கு முன்னால் இரண்டு பாதமும் சேர்ந்து கொஞ்ச நேரம் நின்றிருக்கவேண்டும், அந்த இடத்தில் ஈரம் அதிகமாய் இருந்தது. பிறகு திரும்பிப் படலைப் பக்கம் போயின. படலைக்கு வெளியே ஒன்றும் இல்லை.

முன்வீட்டு ஹமீதா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்பதான் ஆரோ கால் கழுவுற சத்தம் கேட்டது, நான் நீங்க வந்துட்டீங்க எண்டெல்லோ நினைச்சன்" என்றா.

அந்த வெயிலில் சீமெந்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? கண்ணுக்கு முன்னால் ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டு வந்தது. அக்கா ஓடிப்போய்க் கதவடியில் இருந்த அடிகளுக்கு மேல் குனிந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வெயில் படாமல் நிழல் கொடுத்தா. என்னையும் வந்து நிழலுக்கு நிற்கச் சொன்னா. நானும் போய் நின்றேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க, அது காய்ந்து முடிந்தது. கடைசியாய்க் காய்ந்தது ஒரு பெருவிரல். அக்கா அந்த இடத்தைக் கையால் தடவிவிட்டு, "நீ கூப்பிட்டதாலதான் பூட்டினனான்" என்றா.

பொறியியலாளர் கொம்பியூட்டரைக் கிண்டித் தேடினார். நான் பதிந்த சொற்கள்தான் இருந்தன, மகன் என்ற சொல்லே அதில் இல்லை. என்னைக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லு, விளையாட்டுக்கு எங்கேயாவது பதிந்தாயா என்று கேட்டார். குரல் வந்த நேரம் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றதை அவரே கண்டவர், என்றாலும் கேட்டார், பாவம், வேறு என்ன கேட்பது. மெஷினை நிறுத்தினார்கள். சண்டையும் மூண்டது, வெளிநாட்டுக்காரரும் போய்விட்டார்கள், தானாக யோசிக்கப் போன ரவுணில் பெண்கள் பழையபடி வாளியோடு காவல் இருந்தார்கள்.

ஆனால் அக்கா கடைக்கு வரத் தொடங்கினா. ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்து மேசைக்கு முன்னால் நிற்பா.

"மெஷினை நிப்பாட்டிப் போட்டாங்கள். குரல் உன்ரதானே. நீ சொல்லு பிள்ளை, எத்தினை மணிக்கு?"

"எனக்கு எப்பிடியக்கா தெரியும்?"

"தெரியாமலே இவ்வளவு நாளும் சொன்னனீ?"

வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி ஒரு முறை கையைப் பிடித்து வெளியே தள்ளி ஷட்டரை இழுத்துவிட்டார். அவ ஷட்டருக்கு வெளியே நின்று, "அந்த மெஷினுக்கு இருந்த இரக்கம் உனக்கில்லை" என்றா, உரத்துக்கூட இல்லை. அடுத்த நாளும் வந்தா.

ஒரு மத்தியானம் எனக்குத் தாங்க முடியவில்லை. வருவான் அக்கா, போங்கோ, போய்ச் சாப்பிடுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. வந்தது வேறு.

"உங்கள் மகன் இன்று மாலை ஐந்து மணிக்கு வருவார்."

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நேரம் ஒன்றும் நான் நினைக்கவில்லை. கூண்டுக்குள் நின்று லண்டனுக்குக் கதைத்துக்கொண்டிருந்தவர் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அக்கா என் கன்னத்தைத் தடவிவிட்டு, "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளே" என்று போனா.

அன்று பின்னேரம் அவ குளித்து, நல்ல சேலை கட்டி, வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனவ போனவதான். தேடினோம், பொலிஸுக்குப் போனோம், எழுதுகிறவன் தலையை நிமிர்த்தவேயில்லை. மகனைத் தேடி அவ ஏறிய படியெல்லாம் அவவைத் தேடி நாங்கள் ஏறினோம்.

கடைசியாய்க் கண்டது ஹமீதா ராத்தா. அவ பொய் சொல்கிற ஆள் இல்லை, ஐந்து நேரமும் தொழுகிறவ. ஒழுங்கையில் அக்கா தனியாகத்தான் போனாவாம். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தாவாம், ஆனால் தன் தலைக்கு இல்லை. தன்னைவிட உயரமான ஒருவருக்குப் பிடிப்பதுபோலக் கையை நன்றாய் உயர்த்திப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தன் முகமெல்லாம் வெயில் அடிக்கப் போனாவாம். "ஏனடா இப்பிடி மெலிஞ்சு போனாய்" என்று கேட்டாவாம். கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாவாம்.

இவ்வளவையும் நான் தாங்கிக்கொள்ளுவேன். தாங்க முடியாதது, கடைக்கு வந்து இதைச் சொன்ன ராத்தா போகும்போது வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான், அதற்குப் பிறகு அந்த மாதமே நான் வவுனியாவை விட்டு வந்துவிட்டேன், இன்றைக்கும் பின்னேரங்களில் யாராவது படலையைத் திறந்தால் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் அக்கா நின்று, பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத் தலையாட்டி, எங்கள் கடைப் பக்கம் கையை நீட்டிக் காட்டிச் சொன்னாவாம்:

"ஓம், அந்தப் பிள்ளைதான் சொன்னது. அங்கதான் இருக்கிறாள்."