ஹேண்டிலில் தொங்கிய சப்பாத்து

1. முதல் நாள் சட்டம்

தோட்டத்துத் தபால் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்த அன்று காலையில் பெரிய கிளாக்கரையா இரண்டு விஷயம் சொன்னார். தபால் பை நனையக் கூடாது என்பது ஒன்று. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இரண்டாவதைச் சொல்வதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆபீஸ் வாசல்ல இருந்து பங்களாவைத் தாண்டி, கீழ பாலம் வர்ற வரைக்கும் கால்ல ஒண்ணும் இருக்கக் கூடாது. செருப்பும் கூடாது, சப்பாத்தும் கூடாது. துரை வராந்தாவுல இருந்து பாத்துட்டாருன்னா அன்னைக்கே பத்துச்சீட்டுத்தான். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்கய்யா."

விளங்காமல் என்ன? பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய், பெண்டாட்டியோடு ரோட்டுக்கு வருவது. அப்போது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சொல்லியும் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தை விட்டால் போக்கிடம் ஏது? ஆகவே துரை என்ற சொல்லைக் கேட்டாலே கால் தானாகச் செருப்பைத் தேடிக் கழற்றும்.

அதுவரை நான் கவ்வாத்து மலையில் கத்தி பிடித்தவன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி முதுகு வளைந்துபோகும் வேலை அது. தோட்டத்துக்குத் தபால் சைக்கிள் வந்ததும், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் மச்சானின் சைக்கிளில் விழுந்து எழும்பிப் பழகியிருந்ததால் நான் கை தூக்கினேன். பிறகென்ன, ராஜா வாழ்க்கைதான்! மற்றவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கும் நேரத்தில் நான் மணியடித்துக்கொண்டு மலை இறங்குவேன். அந்த வேலையின்மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லி முடியாது. பாலில்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இன்னைக்கும் சைக்கிளு இருக்கு" என்று நினைத்தாலே வயிறு நிறைந்துவிடும்.

2. காலைப் பார்க்கிற காசிம் நானா

எங்கள் ரோட்டைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் உச்சியில். அதற்குக் கீழே துரை பங்களா. பங்களாவின் வராந்தாவுக்கு நேர் கீழே ரோடு ஒரு முடக்கு திரும்பிச் செங்குத்தாக இறங்கும். அடியில் பாலம். பாலம் தாண்டினால் ரயில் ஸ்டேஷன் இருக்கிற வட்டகொடை வரை ஏற்றமும் இறக்கமுமாகச் சும்மா போகலாம். பாலம் வரைக்கும் போகும்போது இறக்கம், வரும்போது தள்ளிக்கொண்டு ஏற வேண்டும்.

வட்டகொடை பஜாரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் காசிம் நானா. யார் வந்தாலும் அவர் சைக்கிளை முதலில் பார்க்க மாட்டார். "சைக்கிள அங்கிட்டு சாத்துங்க தம்பி. மொதல்ல கால நீட்டுங்க" என்பார். பெடலில் தேய்ந்த இடம், வெடிப்பு, அட்டை கடித்த புண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

அவர் கடையில் நின்றுகொண்டு நான் பார்க்காத கால் இல்லை. ரொட்டிக்காரர் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு ஓட்டுவார். மழை பெய்தால் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். பெடலை ஒரு மிதி மிதித்தால் மேல்வழியாகத் தண்ணீர் பீச்சும். ரோட்டு ஓவசியர் சிங்களவர், நல்ல மனிதர். வெள்ளைக் கான்வஸ் சப்பாத்துக்கு அழுத்தமாக வெள்ளை பூசி வருவார். மழையில் அது கரைந்து சங்கிலியெல்லாம் பால் ஊற்றியதுபோல ஆகிவிடும். இஸ்கூல் மாஸ்டரோ தோல் சப்பாத்தைத் துண்டில் சுற்றிக் கேரியரில் கட்டிவிட்டு வெறுங்காலோடு மிதிப்பார். பள்ளிக்கூட வாசலில் இறங்கி, காலைத் துடைத்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். கேட்டால், "சப்பாத்து படிப்பிக்கிறதுக்குப்பா, மிதிக்கிறதுக்கு இல்ல" என்பார்.

"இவங்க ஒருத்தரும் சைக்கிளுக்குன்னு போடலை தம்பி" என்று காசிம் நானா தலையில் அடித்துக்கொள்வார். "எல்லாம் பாக்கிறவனுக்காகப் போடுறது. இந்த மலையில சைக்கிளுக்கு மூணு பிரேக்கு. ரெண்டு கையில, ஒண்ணு கால்ல. மழை பேஞ்சு ரிம்மு நனைஞ்சிடுச்சின்னா கையில இருக்கிற ரெண்டும் சும்மா. அப்ப காலுதான் காப்பாத்தணும்."

அது உண்மை. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது நாங்கள் பாதத்தைத் தூக்கி முன் டயரின்மேல் வைத்து அழுத்துவோம். அதற்காகவே முன் மட்கார்டைக் கழற்றி வைத்திருப்போம். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. மலையில் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும்.

"நானா, நீங்க மட்டும் ஏன் வெறுங்காலு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்கப்பா ஓட்டுறேன்? ஒங்களையெல்லாம் பாத்ததுக்குப் பொறகு ஓட்ட ஆசை வருமா?"

அவர்தான் எனக்குச் சப்பாத்து செய்து தந்தார். சண்டைக் காலத்துப் பட்டாளச் சப்பாத்து ஒரு சோடி பஜாரில் கிடைத்தது. அடியில் இருந்த ஆணியையெல்லாம் பிடுங்கினார். பழைய டயரை வெட்டி அடியில் தைத்தார். பெடல் கட்டை உட்காருவதற்குக் குறுக்கே ஒரு பள்ளம். பிரேக் பிடிக்கிற கால் என்பதால் வலது சப்பாத்துக்கு மட்டும் டயரை இரண்டு அடுக்காகப் போட்டார். ஓட்டும்போது அப்படிச் சுகமாக இருந்தது. இறங்கி நடந்தால்தான் ஒரு கால் உயரம், ஒரு கால் கட்டை.

என் பெண்டாட்டி மாரியாயி லயத்து வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னங்க, நொண்டிக் கோழி மாதிரி கெந்திக் கெந்தி வர்றீங்க!"

நானும் சிரித்தேன். 

3. மழை நாள்

கிளாக்கரையா சொன்ன சட்டத்தை நான் மீறவில்லை. ஆபீஸிலிருந்து புறப்படும்போது சப்பாத்து இரண்டையும் கயிறு கோத்து முடிந்து ஹேண்டிலில் தொங்கவிடுவேன். வெறுங்காலோடு பங்களாவைத் தாண்டுவேன். பாலத்தில் இறங்கி, மதகுக் கட்டில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வேன். எந்த இறக்கத்துக்காக அந்த இரண்டு அடுக்கு டயரைத் தைத்தாரோ, அந்த ஒரே இறக்கத்தில் அது காலில் இருக்காது. காசிம் நானாவிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தார்.

அது பெருமழை மாதம். கொழும்புக்குப் போக வேண்டிய தேயிலைச் சாம்பிள் பொட்டலங்களை மெழுகுச் சீலையில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்து, "ரயில விட்டுடாத" என்று கிளாக்கரையா அவசரப்படுத்தினார். நான் பங்களா முடக்கைத் திரும்பினேன். கீழே, பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற கொழுந்து பறிக்கிற பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். தலையில் கம்பளி, முதுகில் கூடை. மழை இரைச்சலில் அவர்களுக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை.

"வழி! வழி விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். சைக்கிள் இன்னும் வேகம் எடுத்தது. வலது காலைத் தூக்கி முன் டயரில் வைத்து அழுத்தினேன். ஈரப் பாதம், மணல் ஒட்டிய டயர். தோல் உரிந்தது தெரிந்தது. இன்னும் அழுத்தினேன். கால் வழுக்கிச் சக்கரத்துக்கும் போர்க்குக்கும் நடுவே போய்விட்டது.

அதற்குப் பிறகு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தேன். பெண்களில் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்து இன்றைக்கும் ஆறுதல்படுகிறேன். கான் தண்ணீர் சிவப்பாக ஓடியது. சைக்கிள் என்மேல் கிடந்தது. ஹேண்டிலில் சப்பாத்துச் சோடி, ஒரு பொட்டு மண் ஒட்டாமல், ஆடிக்கொண்டிருந்தது.

துரை, வீட்டில் போடுகிற செருப்போடு, குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் காலைப் பார்த்தார். ஹேண்டிலைப் பார்த்தார்.

"என்ன மேன்? சப்பாத்து இருக்கு. ஏன் காலிலே போடலே?"

அந்த வலியிலும் நான் எழும்பி நிற்கப் பார்த்தேன். "பங்களாவுக்குக் கிட்ட போடக் கூடாதுன்னு... தொரைங்க கோவிச்சுக்குவீங்கன்னு..."

"யார் சொன்னது? நான் சொன்னது?"

அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனிதருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அதற்குள் கிளாக்கரையா மேலிருந்து ஓடி வந்தார். துரையைக் கண்டதும் தன் குடையைச் சட்டென்று மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார். துரைக்கு முன்னால் குடை பிடிப்பதும் அங்கே வழக்கம் இல்லை.

"அது பழைய வழக்கம்ங்க தொரை" என்றார், தலையிலிருந்து தண்ணீர் வடிய.

"முட்டாள்!" என்றார் துரை. என்னையா, அவரையா என்று தெரியவில்லை. காரை எடுக்கச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

4. ஸ்டோர் வாசல்

பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலின் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். சைக்கிளும் போயிற்று. தேயிலை ஸ்டோரில் காவல் இருக்கிற வாச்சர் வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்த வேலை, வெயில் மழை இல்லை, உனக்கென்ன குறை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. மாரியாயி அதற்குப் பிறகு என் நடையைப் பார்த்துச் சிரித்ததேயில்லை. "ஒரு பேச்சுக்குச் சொன்னது இப்படிப் பலிச்சுப் போச்சே" என்று ஒருமுறை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அடி பைத்தியக்காரி, நீ சொன்னதாலா பலித்தது!

கிளாக்கரையாவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். "ஐயா, அந்தச் சட்டத்த யாருங்க போட்டது?"

"எனக்கு முன்னாடி இருந்த ஐயா சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னதோ, நான் எங்க கண்டேன்?" என்றார். அவரும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துரை நல்லவர், கிளாக்கர்தான் கெட்டவர் என்று சிலர் கதை கட்டினார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த மனிதர் வராந்தாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி, குளிரிலும் மழையிலும் வெறுங்காலோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஏன் என்று ஒருநாளாவது கேட்டாரா? என் கால் உடைந்த பிறகுதான் எனக்குக் கால் இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

தபால் சைக்கிள் கருப்பையா அண்ணனுக்குக் கிடைத்தது. என்னைவிட மூத்தவர், நிதானமானவர். என் சப்பாத்தை அவரிடமே கொடுத்தேன். "அண்ணே, துரையே சொல்லிட்டாரு. தைரியமாப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றேன். சரி தம்பி என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில், பங்களா முடக்கு தெரிகிற ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தேன். கருப்பையா அண்ணன் பங்களா முடக்கை இறங்கிக்கொண்டிருந்தார், வெறுங்காலோடு. ஹேண்டிலில் என் சப்பாத்து தொங்கியது.  அவர் திரும்பி வரும் வரைக்கும் ரோட்டிலேயே நின்று, கண்டதும் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே இது? ஒங்களுக்கும் வெரலு போகணுமா? அதான் துரை ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு சொன்னேனே!"

அவர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார். கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, நேத்து நீ சம்பளத்துக்கு ஆபீஸுக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"படியில ஏறுறப்ப செருப்பக் கழட்டிட்டுத்தானே ஏறுன? கட்டுப்போட்ட கால வச்சுக்கிட்டு, சுவத்தப் பிடிச்சு, குனிஞ்சு கழட்டுன. நான் பின்னாலதான் நின்னேன். ஒனக்குத்தான் துரை நேராச் சொல்லியிருக்காரே, நீயே கழட்டுற. எனக்கு யாரு சொன்னா?"

 கழற்றியது நினைவே இல்லை. ஆனால் கழற்றியிருப்பேன்.

இளவயதில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று யாராவது சொன்னால், யார் போட்ட சட்டம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பத்துச்சீட்டு கிடைத்தாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள். நான் காலைக் கொடுத்த பிறகுதான் கேட்டேன். அப்போது பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கெந்திக் கெந்தி, பங்களா முடக்கில் போய் நின்றேன். கருப்பையா அண்ணன் வந்தார். நான் செருப்புப் போட்ட என் காலைக் காட்டினேன். அவர் சைக்கிளை நிறுத்தி, வராந்தாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஹேண்டிலில் இருந்த சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டத் தொடங்கினார். கயிறு முடிச்சு விழாமல் நழுவியது. கயிற்றை நான்தான் குனிந்து கட்டிவிட்டேன்.