பத்து டிகிரியில் ஒரு கல்யாண மாலை

எங்கள் வீட்டு முன்கூடத்தில் சோபா கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஆள் நீளத்துக்கு ஓர் உறைபெட்டி இருக்கிறது, மூடியை மேல்பக்கமாகத் தூக்கித் திறக்கிற வகை. சுங்கை செம்பிலாங்கில் மீன் வியாபாரத்தை விட்டுவிட்ட ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், அப்பா வாங்கி, தோட்டத்து லோரியில் ஏற்றி வந்தது. அம்மாவின் மாலைத் தொழிலுக்காக.

மீன் கிடந்த பெட்டியில் சாமிக்குப் போகும் பூவை வைப்பதா என்று அம்மா ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு புளிக்கரைசல், எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தார். கடைசியில் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, தன் சமையலறையைவிட இதுதான் சுத்தமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். குனிந்து குனிந்து முட்டியும் இடுப்பும் போன பிறகு, அதுவரை தோட்டத்துக் கோயிலுக்கு மட்டும் கட்டிக்கொண்டிருந்த மாலையைத் தொழிலாக்கப் பார்த்தார். கை வேகம் இருந்தது, கண்ணும் இருந்தது. இல்லாதது குளிர்தான். கிள்ளானில் வாங்கிய மல்லிகை எங்கள் ஊர் வெயிலில் மறுநாளைக்குத் தாங்காது. சமையலறை ஐஸ்பெட்டியிலோ பிளாச்சான் என்கிற இறால் விழுதின் வாடைக்கும் பழைய குழம்புக்கும் நடுவில் ஒரு கூடை வைக்கத்தான் இடம். உறைபெட்டியில் இடம் தாராளம். ஆனால் அது பூவையும் மீனைப் போலத்தான் நடத்தும், கல்லாக்கிவிடும்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. இப்போது புஞ்சாக் ஆலாமில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறேன். அங்கே ஊசி மருந்துகளுக்கென்று ஒரு குளிரறை உண்டு. என்ன குளிர் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதைவிட ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி செய்யும் என்பதை இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். தெர்மோஸ்டாட். நாங்கள் மூவரும் கடையில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டால் ஆகிற செலவுதான் அதன் விலை.

கருவியைச் சுவர்ப் பிளக்கில் சொருக வேண்டும், உறைபெட்டியின் பிளக்கைக் கருவியில் சொருக வேண்டும். அதிலிருந்து நீளமாக ஒரு வயர் வரும். வயரின் நுனியில் நெல்லைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் உலோகக் குமிழ். அதுதான் சென்சார், குளிரை உணர்வது. அதைப் பூக்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, எட்டு டிகிரி என்று அமைத்தேன். எட்டு வந்ததும் மின்சாரத்தை வெட்டும். பத்துக்கு ஏறினால் திரும்பக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

முதல் நாள் அப்பா நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். சிவப்பு எண் இருபத்தொன்பதிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. எட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது.

"செத்துருச்சாலா?" என்றார் அப்பா.

"வேலை முடிஞ்சிருச்சுப்பா. இப்ப ஓய்வு."

"நம்ம தோட்டத்து ஆபீஸ் கிராணி மாதிரியா?"

எண் பத்தைத் தொட்ட பிறகும் மோட்டார் உடனே எழவில்லை. சற்று நேரம் விட்டுத்தான் எழுந்தது. மோட்டார் கெட்டுப்போகாமலிருக்க அது வேண்டுமென்றே காத்திருக்கிறது என்று விளக்கினேன். அவசரப்படாத ஒரு சாமானை இந்த வீட்டில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார் அப்பா.

எனக்கு அந்தக் கருவியைப் பிடித்துப்போயிற்று. இன்றும் பிடிக்கும். கிடங்கின் குளிரறைக்கு ஒன்றென்றால் ஓடி வர ஆட்கள் இருக்கிறார்கள். இது யாரும் பார்க்காத ஒரு தோட்டத்து வீட்டில், சுவரில் ஒட்டிக்கொண்டு, அதே வேலையை அதே நேர்மையோடு செய்தது. மல்லிகை இரண்டு நாள் மொட்டாகவே கிடந்தது. ரோஜா அதைவிட அதிகம் தாங்கியது. "நம்பர் எவ்ளோ?" என்பது எங்கள் வீட்டில் சாப்பிட்டாயா என்பதைப் போல ஒரு கேள்வி ஆயிற்று.

சில மாதங்களில் அம்மாவுக்கு முதல் கல்யாண மாலை வந்தது. கேட்டவர் புஞ்சாக் ஆலாமில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். மகளுக்குக் கல்யாணம். வெள்ளை மல்லிகை மொட்டில் அடர்த்தியாக இரண்டு மாலைகள், இடையிடையே சிவப்பு ரோஜா. அம்மா கட்டிய கோயில் மாலை ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு விசாரித்து வந்திருந்தார். கோயில் மாலையும் லோரி மாலையும் கட்டினால் கைச்செலவுக்குத்தான் ஆகும். கல்யாண மாலைக்காரி என்று பெயர் எடுத்துவிட்டால் அம்மா மறுபடி பழம் பொறுக்கக் குனிய வேண்டியதில்லை. இந்த மாலை சரியாக அமைய வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. புரட்டாசி முழுக்கக் காத்திருந்த கல்யாணங்களும் நவராத்திரியும் ஒன்றாக வந்து நின்றதால் கிள்ளானில் மல்லிகைக்கு அடிதடி. ஆசிரியை வீட்டுக் கல்யாணம் விஜயதசமிக்கு மறுநாள். அம்மா முன்கூட்டியே மல்லிகையை வாங்கி, செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றி உள்ளே அடுக்கிவிட்டார். ஆயுத பூஜையன்று மதியம்வரை லோரிக்காரர்களுக்கும் பட்டறைகளுக்கும் மாலை கட்டி முடித்தார். நான் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டில் பூஜையே முடிந்திருந்தது. உறைபெட்டி மூடியின் மேல் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் தட்டு வைத்து, விளக்கும் ஏற்றியிருந்தார். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை தேநீர் கலக்க எழுந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தேன், அப்போதும் ஓடியது. எண்ணைப் பார்க்கப் போனால், கருவியின் முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். துடைத்தேன். முப்பத்தொன்று.

மூடியைப் பார்த்தேன். தட்டில் கத்தரிக்கோல், நூல்கண்டு, ஊசி, வாழைநார்க் கட்டு. அவற்றோடு, விளக்குக்குப் பக்கத்தில், துடைத்துப் பொட்டு வைக்கப்பட்ட சென்சார்.

"அம்மா, இதை ஏம்மா வெளிய எடுத்தீங்க?"

"ஆயுத பூஜைலா. அதுவும் ஆயுதம்தானே?" என்றார் அம்மா. "பூவை அதுதானே காப்பாத்துது. அத மட்டும் விட்டுட முடியுமா?"

அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கருவி செய்ததிலும் தப்பு இல்லை. பூவெல்லாம் முப்பத்தொரு டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறது என்று அதற்குச் செய்தி போயிருக்கிறது. பாவம், விளக்கைக் குளிரவைக்க இரவெல்லாம் ஓடியிருக்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "லோரி டயருக்குப் பொட்டு வெக்கிறோம். அதுக்காக டயரைக் கழட்டியா தட்டுல வெக்கிறோம்?"

அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு மூடியைத் தூக்கினார். பொட்டலத்தைப் பிரித்தால் மொட்டுகள் கோலிக்குண்டு போல உருண்டன. வெளியில் வைத்த கொஞ்ச நேரத்தில் வேகவைத்த பூண்டு போல நிறம் மாறிக் கசிந்தன. அம்மா ஒன்றை நசுக்கிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டினார். அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை.

கிள்ளானில் தெரிந்த கடைகளையெல்லாம் அழைத்தோம். ரோஜா உண்டு, கேமரன் மலையிலிருந்து மதியம் வரும். மல்லிகை கிடையாது. இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்ததெல்லாம் வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது.

மணப்பெண்ணின் தாயாரிடம் நான் பேசுகிறேன் என்றேன். விமானம் தாமதம் என்று சொல்லிவிடலாம் என்பது என் யோசனை. அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, தானே பேசினார். குளிர் அதிகமாகிப் பூ வீணாகிவிட்டது, அது தன் தவறுதான் என்று நேராகவே சொன்னார். மல்லிகைக்குப் பதில் நந்தியாவட்டை மொட்டில் கட்டித் தருவதாகச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் ஆசிரியையின் பதில் எனக்கும் கேட்டது.

"நந்தியாவட்டையே? அது காலையில காருக்குள்ள வரேக்கையே விரிஞ்சிடுமே. எங்கட சொந்தத்தில ஒரு கல்யாணத்தில அப்பிடித்தான் நடந்தது. தாலி கட்டேக்க மாலை கலைஞ்ச தலை மாதிரி இருந்தது."

"விரியாதுங்க டீச்சர். மொட்டாவே குடுக்குறேன். விரிஞ்சிருந்தா நீங்க வாங்க வேணாம்."

அவர் யோசித்துவிட்டு, சரி, காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். 'பார்க்கிறேன்' என்றுதான் சொன்னார், 'எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லவில்லை.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லிட்டேன். எத்தனைல வெச்சா மொட்டு விரியாம தூங்கும்?"

"தெரியலம்மா."

"அப்ப வெச்சுப் பார்த்துருவோம்."

கோயிலுக்குப் பின்னால் இருந்த செடியில் முதல் கைப்பிடி மொட்டைப் பறித்து வந்தார். காம்பில் வடியும் பால் காயும்வரை பரப்பி வைத்தார். அது பிசுபிசுத்தால் மொட்டு கறுத்துவிடும். பிறகு மூன்று பங்காகப் பிரித்தார். ஒன்று மேசைமேல். ஒன்று சமையலறை ஐஸ்பெட்டியில். ஒன்று உறைபெட்டியில். உள்ளே பிடித்திருந்த உறைபனியை உருக்கித் துடைத்துவிட்டு, எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்டு, தானே அழுத்திப் பத்தில் வைத்தார். சென்சாரைக் கூடையின் நடுக்கம்பியில் வாழைநாரால் கட்டினார். மாலை கட்டும் அதே முடிச்சு. வெட்டினால்தான் வரும்.

சாயங்காலம் பார்த்தோம். மேசைமேல் இருந்தவை பாதி விரிந்துவிட்டன. ஐஸ்பெட்டியில் இருந்தவை விரியவில்லை, ஆனால் ஓரத்தில் தண்ணீர் பட்ட காகிதம் போலக் கறை. உறைபெட்டியில் இருந்தவை காலையில் பறித்தபடியே, இறுக்கமாக, பால் வெள்ளையாக. நான் கிடங்கில் கற்ற எதிலும் நந்தியாவட்டைக்கு எத்தனை டிகிரி என்று இல்லை. அம்மா ஒரே மதியத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார், பரிசோதனைக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில்.

அதற்குள் பழைய லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் மைலோ டின்னிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் மொட்டு கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். கல்யாண மாலை என்று கேள்விப்பட்டதும் யாரும் கணக்குப் பார்த்துப் பறிக்கவில்லை. எங்கள் வேலியோரத்தில் அன்று ஒரு செடியிலும் பூ மிஞ்சவில்லை. அப்பா ரோஜாவோடு வந்து சேர்ந்தார். அம்மா கட்டினார். முடிந்த முழத்தையெல்லாம் அவ்வப்போது உள்ளே வைத்துவிட்டு, மாலையின் அடியில் ஆடும் தொங்கலுக்கான சரத்தைத் தொடங்கினார். மூடி அடிக்கடி திறந்ததில் எண் பதின்மூன்றுவரை போகும். கருவி தன் பொறுமையான இடைவெளியை எடுத்துக்கொண்டு, மறுபடி பத்துக்குக் கொண்டுவந்துவிடும். அம்மாவும் அதுவும் மாற்றி மாற்றி வேலை செய்வதை நான் ரோஜாக் காம்பு நறுக்கிக்கொண்டே பார்த்தேன். இருவரில் யார் நிதானம் என்று சொல்ல முடியவில்லை.

காலையில் ஆசிரியை வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அம்மா மூடியைத் தூக்கினார். குளிர்ந்த காற்றோடு பச்சை வாசனை வந்தது. இரண்டு மாலைகளும் வாழை இலைமேல் கிடந்தன. ஆசிரியை குனிந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு மாலையைத் தொங்கலிலிருந்து மேல்வரை விரலால் தடவிப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிறவர் போல.

"மல்லிகையை விட நல்லா இருக்கு," என்றார் கடைசியில்.

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. "கார்ல ஏசியை நல்லா வெச்சிக்குங்க டீச்சர். வெயில் படுற பக்கம் வெக்காதீங்க. மண்டபத்துல ஐஸ்மேலயும் வெக்காதீங்க, கருத்துரும். இதுக்குப் பத்துதான் கணக்கு," என்றார். பத்து என்று சொன்னபோது அம்மாவின் குரலில் இருந்த உறுதி, பட்டமளிப்பு மேடையில் என் பெயரைக் கூப்பிட்டவருக்குக்கூட இல்லை.

மதியம் என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தாலி கட்டும் நேரம். அட்சதை பறந்துகொண்டிருக்கிறது, மணப்பெண் தலை குனிந்திருக்கிறாள், கழுத்தில் மாலை. அம்மா படத்தை வாங்கி, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். மணப்பெண்ணின் முகம் திரையை விட்டு வெளியே போயிற்று. நகை போயிற்று. மொட்டு வரிசைகள் மட்டும் நின்றன. மேலிருந்து கீழாக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார், தொங்கல் நுனிவரை.

"ஒண்ணுகூட வாய் தொறக்கல," என்றார். திரும்பவும் மேலே போய், முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.