ஆமைக்கும் சேர்த்துக் கேட்ட பங்கு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அமீனா என்றால் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருகிறவர். அவர் புகுந்த வீடு உருப்படாது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆமை எதைத் தூக்கிக்கொண்டு போகும்? இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்பதுதான் பதில். பெரியவர்கள் சும்மா சொன்னதும் எவ்வளவோ இருக்கிறது என்றால், உன் வாய்தான் உன் வாழ்க்கையைக் கெடுத்தது என்பார்கள்.

கெட்ட வாழ்க்கை என்று அவர்கள் சொல்வது இதைத்தான். எனக்குப் பிள்ளை இல்லை. கட்டியவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு செங்கம் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் அடி அண்ணாமலையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். ரமணாசிரமம் பகுதியில் வாடகைக்கு விடும் அறைகளைப் பார்த்துக்கொள்வது வேலை. சாவி கொடுப்பேன், ஆள் வைத்துப் பெருக்குவேன், தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் போடுவேன், குரங்கு வரும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

அப்படி ஒரு அறை காலியானபோதுதான் ஆமை வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மன அமைதி தேடி வந்து ஒரு வருடம் தங்கியிருந்தார்கள். அமைதி கிடைத்ததோ இல்லையோ, வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பினார்கள். குளியலறையில் ஒரு நீல பிளாஸ்டிக் டப். அதற்குள் ஆமை. வாங்கும்போது உள்ளங்கை அளவு இருந்ததாம். இதற்கு மேல் வளராது என்று கடைக்காரர் சொன்னாராம். நான் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த டப்பில் அதனால் திரும்பக்கூட முடியவில்லை. முன்கால் இரண்டாலும் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். ஷூ ஸ்டாண்டு, பிளாஸ்டிக் நாற்காலி, ஆமை என்று ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நானே கேட்கிறேன் என்றேன். அவள் ஒரு உறையில் ஆமைக்கான அரசாங்கப் பதிவுக் காகிதத்தையும் கொடுத்தாள். நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டும். இது ஆப்பிரிக்கா ஆமை, வைத்துக்கொள்ளலாம். காகிதத்தை என் பெயருக்கு மாற்றும் வேலையை என் தம்பி மகள் செய்து கொடுத்தாள். திருவண்ணாமலையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பிட என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முதல் தப்பைச் செய்தவள் நான்தான். தமிழில் எல்லாமே ஆமைதான். கடலில் இருப்பதும் ஆமை, கிணற்றில் இருப்பதும் ஆமை, காட்டில் மேய்வதும் ஆமை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆமை என்றால் குளக்கரையில்தான் படம் போட்டிருப்பார்கள். பாவம், இத்தனை நாள் தண்ணீரே இல்லாமல் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, துணி ஊறவைக்கிற பெரிய பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து அதை உள்ளே விட்டேன். நான்கு காலையும் போட்டு அடித்தது. எத்தனை நாள் ஆசையோ என்று பக்கத்தில் நின்று ரசித்தேன். நல்லவேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே வந்த தம்பி மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அதைத் தூக்கினாள்.

"அத்தை, அது நீஞ்சல. சாவுது" என்றாள்.

இது தரை ஆமை, தண்ணீரில் விட்டால் கல் மாதிரி அடியில் போய்விடும் என்று செல்போனில் படித்துக் காட்டினாள். மறுநாள் ஆமையின் மூக்கில் நுரை வந்தது. காய்கறிக் கூடையில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் மாடும் ஆடும் நின்றிருந்தன. எல்லாரும் என் கூடையைப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். டாக்டர் நல்ல மனிதர். தனக்கு இது பழக்கமில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, சென்னையில் இருந்த நண்பருக்கு வீடியோ கால் போட்டார். ஊசி போட்டார். என்ன தீனி போடுகிறேன் என்று கேட்டார். தயிர்சாதம், வாழைப்பழம், முட்டைகோஸ் என்று பெருமையாகச் சொன்னேன்.

"மாட்டுக்குப் போடறத போடும்மா. மனுஷனுக்குப் போடறத போடாத" என்றார்.

அன்றிலிருந்து புல்தான். அருகம்புல், காய்ந்த புல், கொஞ்சம் செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள், கணவாய் மீனின் உள்ளோடு. அதை ஒரு துண்டு போட்டால் அதுவே கடித்துக்கொள்ளும். காலை வெயில் கட்டாயம். குடிக்கவும் ஊறவும் ஒரு தட்டில் தண்ணீர், அதுவும் தாடைக்கு மேலே ஏறக் கூடாது. ராத்திரிக்கு ஈரமும் குளிரும் படாத ஒரு கூண்டு. அதன் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் மேடு தட்டிப்போயிருந்தது. காற்றில்லாத குளியலறையும் கண்ட தீனியும் செய்த வேலை அது. ஏறினது இறங்காது, இனி வளர்வது ஒழுங்காக வளரும் என்றார் டாக்டர். எவ்வளவு வளரும் என்று கேட்டேன். மேஜையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் தொட்டுக் காட்டினார். எத்தனை வருஷம் இருக்கும் என்றேன். உங்களையும் என்னையும் அனுப்பிவிட்டு இருக்கும் என்றார்.

என் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லோடு சேர்த்து ஒரு கட்டில் போடுமளவு மண் தரை இருந்தது. அதைச் சுற்றிக் கோழிவலை கட்டினேன். ஆமைக்கு ஒரு குணம் உண்டு. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால், போகலாம் என்றுதான் நினைக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வலையை முட்டிக்கொண்டே இருந்தது. வலையை எடுத்துவிட்டுத் தகரம் வைத்தேன். முட்டுவதை விட்டுவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் அது ஒரு பெரிய பூசணிக்காய் அளவாகிவிட்டது. ஒரு நாள் துவைக்கிற கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கீழே ஒரு முழம் ஆழத்துக்குப் பள்ளம். அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம் போதாதவர் தோண்டத்தான் செய்வார்.

வீட்டு ஓனரும் அவர் மனைவியும் முன்வீட்டில் இருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். எனக்கு டெங்கு வந்தபோது அந்த அக்காதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆனால் அவர்கள் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், கை கழுவப் பின்பக்கம் வந்தபோது ஆமையைப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து தகவலே இல்லை. ஓனர் என்னைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல்தான் பேசினார். ஒன்று ஆமை போக வேண்டும், இல்லை நான் போக வேண்டும். பெண்ணைப் பெற்றவர், அவர் கஷ்டம் அவருக்கு. எனக்கு அவகாசம் கொடுங்கள், வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். ராசியில்லாதவள் என்று என்னையும் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், என்னை மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த ஒரு தடவை அடக்கிக்கொண்டேன்.

அந்த மாதப் பௌர்ணமி அன்று எல்லா அறையும் நிரம்பியிருந்தது. மத்தியானம் தம்பி மகள் போன் செய்தாள். கிரிவலம் போகிற வழியில் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பின்பக்கம் ஆமை இல்லை. ஓனர் மனைவியைக் கேட்டதற்கு, நல்ல நாளாகப் பார்த்துக் குளத்தில் விட வீட்டுக்காரர் கொண்டுபோயிருக்கிறார், தண்ணீரில் வாழ்கிற ஜீவனைச் சிறையில் வைத்த பாவம் தீரும் என்றாளாம்.

சாவிக் கொத்தை யார் கையில் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி ஓடினேன். ஓனர் குளத்துப் படியில் கைகூப்பி நின்றிருந்தார். ஆமை நெற்றியில் விபூதி, குங்குமம். முதல் படியில் வைத்திருக்கிறார், அது வழுக்கி அடுத்த படிக்குப் போயிருக்கிறது. ஓடு முழுவதும் தண்ணீருக்குள். கழுத்தை முடிந்த மட்டும் நீட்டி மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தது. இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் முடிந்திருக்கும். புடவையோடு இறங்கித் தூக்கினேன். கனத்தது. படியில் இரண்டு முறை விழுந்து எழுந்தேன். குளிக்க வந்தவர்கள், புண்ணியத்துக்கு விட்டதை ஏம்மா எடுக்கிறாய் என்று கூச்சல் போட்டார்கள்.

"அண்ணா, இதுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் முதல்ல தெரியல. ஆனா நான் பேசின்ல விட்டேன், நீங்க குளத்துல விட்டீங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அவரை மன்னிக்க நான் தயாராக இல்லை. மறுநாள் காலை வீட்டைக் காலி செய்து, ஒரு வேனில் பாத்திரம், பீரோ, ஆமை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். அங்கேதான் என் அப்பாவின் நிலம் இருக்கிறது. அதில் தம்பி நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறான்.

தம்பி, பாவம், அக்கா வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டான், வேனின் பின்கதவைத் திறக்கும் வரை. மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையில் விட்டுக்கொள் என்றான். வேண்டாம் என்றேன். கிணற்றோரம் புங்கமரம் நிற்கிற பத்து சென்ட் நிலத்தை என் பெயரில் எழுதிக் கொடு என்றேன். கட்டியவர் விட்டுப்போன வருடமே கேட்டிருக்க வேண்டியது. அப்போது தம்பி நன்றாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் பழித்த என் வாய், கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் திறந்ததே இல்லை. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஆமைய வெக்கறதுக்குப் பங்கு கேக்கறியாக்கா? ஊர்ல சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும். மூலைய நீ குடுத்தா நாளைக்கு நீயே திருப்பிக் கேப்ப. பங்க யாரும் திருப்பிக் கேக்க முடியாது."

யோசிக்கிறேன் என்றான். யோசிக்கட்டும் என்று அவன் வீட்டு வாசலிலேயே தங்கிவிட்டேன். அங்கிருந்தே பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தேன். நான் இல்லாத நேரத்தில் என் வழக்கை ஆமை நடத்தியது. அவன் வீட்டு இரும்பு கேட்டில் எதிர்ப்பக்கம் தெரியும், கேட்க வேண்டுமா? விடிந்ததிலிருந்து டங், டங் என்று முட்டிக்கொண்டே இருந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். தம்பி மனைவி ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி மகள், அத்தை கேட்பதில் என்ன தப்பு என்று அப்பாவை நேராகவே கேட்டுவிட்டாள். மூன்றாவது வாரம் தம்பி சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கல் நடும்போது மரத்தை விட்டுவிட்டு அளக்கப் பார்த்தார்கள். மரம் உள்ளே வரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பத்திரம் பதிந்ததும் ஒரு அறை வீடு கட்டினேன். நிலத்தைச் சுற்றி முட்டி உயரத்துக்குச் செங்கல் சுவர், மண்ணுக்குள் ஒன்றரை அடி இறக்கி. எதிர்ப்பக்கம் தெரியாது, தோண்டினாலும் போக முடியாது. மரத்தடியில் ஒரு சேற்றுப் பள்ளம், மழைக்காலத்துக்கு மேடு போட்டு ஒரு கொட்டகை. முதல் நாள் இறக்கி விட்டபோது அது சுவரோரமாகவே ஒரு சுற்று முழுக்க நடந்தது. அரைமணி நேரம் ஆனது. பிறகு மரத்தடிக்குப் போய் நிதானமாகத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டு என்றேன். சத்தியமாக, எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி வந்து சுவர்மேல் உட்கார்ந்தான். அவனுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டான். வேர்க்கடலைக் கொடி ஒரு கை போடட்டுமா என்று கேட்டான். கம்மியாகப் போடு, சத்து ஜாஸ்தி, ஓட்டுக்கு ஆகாது என்றேன். தம்பி மகள் தண்ணீர்த் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நூறு வருஷம் இருக்கும்னா, உனக்கப்பறம் யார்க்கா பாக்கறது?" என்றான்.

இவள் பார்ப்பாள் என்று அவளைக் காட்டினேன்.

"அவ கல்யாணமாகிப் போறவ."

"நானும் போனவதான். திரும்பி வர எடம் இல்லாம பதினாறு வருஷம் அடுத்தவங்க வீட்டுல இருந்தேன். இவளுக்கும் இப்பவே எழுதி வெச்சிடு."

அவன் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு ரோட்டோரமா வேணும்ப்பா" என்றாள்.