கோரிமேடு தாண்டினால் கடல்

திண்டிவனத்தில் ஓர் ஆண் தனியாகப் பாண்டிக்குப் போகிறான் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. நான்கு ஆண்கள் சேர்ந்து போனால் வழியனுப்பவே ஆள் வரும். பெண்டாட்டியோடு, கையில் பையோடு போனால் அது ஆஸ்பத்திரி. வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்று இந்த ஊர் இதுவரை யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் மோட்டார் தென்னரசு. அவரும் வேண்டுமென்று வைக்கவில்லை. மாட்டிக்கொண்டார்.

தென்னரசுக்கு வயது ஐம்பத்தொன்று. செஞ்சி ரோட்டில் கடை. எரிந்துபோன கிணற்று மோட்டார்களின் வயிற்றைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். போனில் மோட்டார் சத்தத்தைக் கேட்டே “பேரிங் போச்சு, எடுத்துக்கினு வா” என்று சொல்லிவிடுவார். வீட்டில் பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தத்தில் மட்டும் அந்தத் திறமை அவருக்கு வேலை செய்யாது.

பாத்திரத்தை வைப்பவர் அவர் மனைவி மலர்விழி. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. வாரத்துக்கு ஐந்து நாள் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு, சாம்பார், முட்டை. மிச்சமுள்ள இரண்டு நாள் வீட்டில் ஓய்வு, அதாவது சோறும் சாம்பாரும் மட்டும்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் முடியும் மாதத்தில், ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் அருணா லீவில் வந்து, “உனக்கு இன்னாம்மா வேணும், சொல்லு” என்று கேட்டாள். புடவை என்று பதில் வரும் என எதிர்பார்த்திருந்தாள்.

“பாண்டி கடலப் பாக்கணும்” என்றாள் மலர்விழி.

“நீதான் பத்துத் தடவ போயிருக்கியே?”

“பதினோரு தடவ. பாத்ததில்ல.”

விஷயம் இதுதான். திண்டிவனத்திலிருந்து போகிற பஸ்ஸுக்குப் பாண்டியில் முதலில் வருவது கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. கடல் அதற்கும் பின்னால், ஊரின் அந்தக் கோடியில். மாமியாரின் கண் புரை, கொழுந்தனின் கால் முறிவு, நாத்தனாரின் தலைப்பிரசவம் என்று பதினோரு முறையும் கோரிமேட்டிலேயே இறங்கி, அங்கேயே பாய் விரித்து, அங்கேயே திரும்பி ஏறியவள் மலர்விழி. கடலையே பார்க்காதவள் அல்ல. மரக்காணத்தில் பார்த்திருக்கிறாள். அது மாமியாரின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது. அன்று கடலைப் பார்க்கவா முடியும்? பந்தியில் எத்தனை இலை போடுவது என்ற கவலை.

இன்னொன்றை அவள் மகளிடம் சொல்லவில்லை; மகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். அம்மாவும் அப்பாவும் வெளியூரில் தங்கிய இரவுகள் எல்லாம் கல்யாணம், காதுகுத்து, சாவு. ஆண்கள் மாடியில், பெண்கள் கூடத்தில். இருபத்து நான்கு வருஷத்தில் வெளியூரில் ஒரே அறையில் ஒரு ராத்திரிகூட இல்லை.

அருணா போனை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் ரூம் போட்டாகிவிட்டது. மஞ்சள் சுவர்களும் பழங்காலக் கதவுகளும் கொண்ட பிரெஞ்சுக்காரர் தெருவில், கடல் தெரியும் அறை, சனி மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை. “ரொமான்டிக் வீக்கெண்ட் பேக்கேஜ்பா, கட்டில்ல பூ எல்லாம் போட்டு வெப்பாங்க.”

தென்னரசு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பூ எதுக்கு? யாராவது வந்து பாத்தா?”

“யாருப்பா வந்து பாக்கப்போறாங்க?”

ஊரைத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. ஆனால் திட்டம் என்று வந்துவிட்டால் அதைச் சரியாகத்தான் போடுவார். கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: 12 மணி ரூம். 1 மணி சாப்பாடு. 4 மணி கடல். 5 மணி கடல். 6 மணி கடல் (லைட் உண்டு). இன்னார் இன்னாருக்குப் புருஷன்தான் என்று லாட்ஜில் கேட்டால் காட்டுவதற்கு ரேஷன் கார்டு ஒன்று. கார்டில் இருக்கும் போட்டோவில் அவர் வேறு யாரோ மாதிரி இருப்பதால், கூடுதல் ஆதாரமாக, பீரோவின் அடியிலிருந்து எடுத்த கல்யாணப் பத்திரிகை ஒன்று.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் பெருமுக்கல் தேவநாதன் எரிந்த மோட்டாரோடு கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

“சனிக்கெழம குடுத்துடு தென்னரசு. மல்லாட்ட காயுது.”

“சனிக்கெழம கடை இல்லிங்க. திங்கக்கெழம தர்றேன்.”

“கடை இல்லியா? இன்னா விசேஷம்?”

தென்னரசு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பெண்டாட்டியோடு கடல் பார்க்கப் போகிறேன், கட்டிலில் பூ போட்டிருப்பார்கள் என்று அந்த மீசையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாய் அதுவாகவே வேறொன்றைச் சொன்னது.

“வீட்ல கொஞ்சம் ஒடம்பு முடியல. பாண்டி வரைக்கும் போயாவணும்.”

தேவநாதனின் முகம் மாறியது. தண்ணீரில்லாமல் காயும் நிலக்கடலையை மறந்துவிட்டார். “அட, மோட்டாரு கெடக்குது, நீ போய்ப் பாரு” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். போகிற வழியில் டீக்கடையில் நின்றார்.

மலர்விழி பள்ளியிலிருந்து வீடு திரும்புவதற்குள் அவளுக்கு நோய் வந்து சேர்ந்திருந்தது. தெரு வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படங்கள் பதினேழு. பக்கத்து வீட்டு வீரம்மாள் வாசலிலேயே மறித்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“முண்டியம்பாக்கத்துல இருக்குது காலேஜ் ஆஸ்பத்திரி, அத வுட்டுட்டு பாண்டிக்குப் போறீங்கன்னா சும்மாவா போவீங்க? சொல்லு மலரு, எங்க கட்டி?”

“கட்டியா? எனக்கு ஒண்ணுமில்லக்கா!”

“பாரு, வெளிய காட்டிக்கவே மாட்டா” என்று வீரம்மாள் தெருவுக்கு அறிவித்தாள்.

அன்று இரவுக்குள் மூன்று கிலோ ஆரஞ்சு, நான்கு பாட்டில் ஹார்லிக்ஸ், ஒரு பிளாஸ்க். மலர்விழி மாவு ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் புருஷனை அடுப்படிக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்தித் திட்டினாள்.

“கடலுன்னு சொல்ல வாயி வரலியா உனக்கு? நல்லா இருக்கறவளப் படுக்கவெச்சுட்டியே!”

“ரெண்டு நாளு தொந்தரவு இல்லாம போய்ட்டு வர்லாம்னுதான் சொன்னேன் மலரு.”

இங்கேதான் மனுஷன் கோட்டைவிட்டார். கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் “பிரசாதம் கொண்டா” என்பதோடு போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்பாத ஊர் இது. துணைக்கு ஆள் போக வேண்டும். சோறு கொண்டுபோக ஒருவர், சீட்டு வாங்க வரிசையில் நிற்க ஒருவர், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, இதே நோயில் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேச ஒருவர்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் தயாராக இருந்தார்கள். பாயும் தலையணையுமாக வீரம்மாள். தூக்குச் சட்டியில் கஞ்சியோடு தென்னரசின் தாய்மாமன் மண்ணாங்கட்டி. தென்னரசின் தங்கை பொன்னி விழுப்புரத்திலிருந்து வந்திருந்தாள். விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு நேராகவே பஸ் உண்டு. “அண்ணிய அப்பிடியே ஆஸ்பத்திரி வாசல்ல பாக்கறதா? வீட்லேர்ந்தே கூட இருக்கணும்ல” என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

மலர்விழி புதுப் புடவை கட்டி, மல்லிகைப் பூ வைத்திருந்தாள். பொன்னி அதைப் பார்த்து மாமாவின் காதில், “மனசத் தேத்திக்கினு வருது பாரு” என்றாள்.

பஸ்ஸில் நோயாளிக்கு ஜன்னல் சீட். பக்கத்தில் வீரம்மாள். மூன்றாவது வரிசையில் தென்னரசு, மடியில் பை, பைக்குள் கல்யாணப் பத்திரிகை. கிளியனூர் தாண்டும்போது வீரம்மாள் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் மலர்விழியைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார். பஸ்ஸே அவளுக்காக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

தென்னரசு அதற்குள் ஒரு புதுத் திட்டம் போட்டுவிட்டார். எல்லோரோடும் கோரிமேட்டில் இறங்குவது. சீட்டு போடுவது. டாக்டர் “வெறும் கேஸ் டிரபிள்” என்பார். மாத்திரையோடு சாயங்காலம் வீடு. கடலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கே போகப்போகிறது? மலர்விழி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்து நான்கு வருஷம் பார்த்த முகம். திட்டம் அதில் பில் புத்தகத்தில் எழுதியது போலத் தெளிவாகத் தெரிந்தது.

“கோரிமேடு! ஆஸ்பத்திரிலாம் எறங்கு! ஜல்தி ஜல்தி!”

வீரம்மாள் பாயை எடுத்தாள். மண்ணாங்கட்டி தூக்குச் சட்டியை எடுத்தார். பொன்னி அண்ணியின் கையைப் பிடித்தாள். தென்னரசு முதல் ஆளாகப் படிக்கட்டுக்குப் போய்விட்டார். மலர்விழி எழுந்திருக்கவில்லை.

“நான் எறங்கல.”

“முடியலியாம்மா? ஸ்ட்ரெச்சர் கேக்கட்டா?” என்று பதறினாள் வீரம்மாள்.

“எனக்கு ஒரு நோவும் இல்லக்கா. மூட்ட அரிசி தூக்கச் சொல்லு, தூக்கறேன். நாங்க ரெண்டு பேரும் கடலப் பாக்கப் போறோம். ரூமு போட்டிருக்குது. ராத்திரி தங்கிட்டு நாளைக்கி வருவோம்.”

விசிலடிக்கப் போன கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“ரூமா?” என்றாள் பொன்னி. “ரூமு எதுக்கு அண்ணி?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? மூணு புள்ள பெத்தவதான நீ?”

பின் சீட்டில் ஆரம்பித்த சிரிப்பு டிரைவர் வரைக்கும் போயிற்று. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ரத்தம், எதற்கும் பின்வாங்காத அந்த மூன்று பேரும், தாழ்ப்பாள் போடாத அறைக்குள் நுழைந்துவிட்டவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு மடமடவென்று இறங்கினார்கள். மண்ணாங்கட்டி மட்டும், “அடப் பாவிங்களா, கஞ்சிய வெடியகாலைலேர்ந்து காச்சினனே” என்று முனகியபடி இறங்கினார்.

இறங்காமலும் ஏறாமலும் நின்றவர் தென்னரசு. ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் தரையில். கீழே மானம் மூன்று உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. மேலே ஜன்னலோரத்தில் மல்லிகைப் பூ. மலர்விழி அவரைப் பார்க்கவில்லை. நேராக முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிவிட்டால் அவள் தனியாகவே போவாள் என்பது அவருக்குப் புரிந்தது. தனியாகப் போனால் திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள் என்பதும் புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“யோவ், பேஜாரு பண்ணாத. ஏறுறியா, எறங்குறியா?” என்று விசிலை வாயருகே கொண்டுபோனார் கண்டக்டர்.

“ஏறுறேன்” என்றார் தென்னரசு. பஸ் முழுக்கக் கேட்கும்படி. அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

லாட்ஜில் யாரும் பத்திரிகையைக் கேட்கவில்லை. அவராகவே எடுத்துக் காட்டினார். வரவேற்பில் இருந்த பெண் அதை முழுக்கப் படித்துப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள். அறையில் பூ போட்டிருந்தார்கள். மலர்விழி அதை எல்லாம் கூட்டி அள்ளி ஒரு தட்டில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். கடல் தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. பால்கனி மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் தெரிந்தது.

அதனால் மூன்று மணிக்கே பீச் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். கரும்பாறைகள் மேல் அலை வந்து அடித்துக்கொண்டிருந்தது. மலர்விழி தடுப்புச் சுவரில் உட்கார்ந்தாள். நான்கு மணிக்கும் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கும். தென்னரசு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்து, பாதியில் தாமே நிறுத்திக்கொண்டார்.

“இன்னா இது, ஓயவே ஓயாதா?” என்றாள் அவள் கடலைப் பார்த்து.

“கரெண்ட்டு கட்டே கெடையாது அதுக்கு” என்றார் அவர். அவள் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. கடைசியாக இப்படி எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. பொன்னி.

“ண்ணா, வந்தது வந்தோம், சும்மா திரும்பறதான்னு மாமாவுக்கு ஒரு சீட்டு போட்டோம். சுகரு நானூறுக்கு மேலயாம். இவ்ளோ நாளா எப்பிடி நடமாடுனாருன்னு திட்டறாங்க. பெட்ல போட்டுட்டாங்க.”

‘பெட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் தென்னரசின் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டன. மலர்விழி எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தாள். பன்னிரண்டாவது தடவை.

“தோ, கெளம்பிட்டோம்” என்றார் போனில்.

“எங்க கெளம்பற? வராத!” பொன்னியின் குரல் மலர்விழிக்கே கேட்டது. “துணைக்கு நானும் வீரம்மாக்காவும் இருக்கோம். நீ வந்தா, மாமா நீங்க எங்கேர்ந்து வந்தீங்கன்னு பக்கத்து பெட்டுக்கெல்லாம் கத சொல்லும். மானம் போவுது எனக்கு. ஒழுங்கா அங்கியே இரு.” அப்புறம் குரல் இறங்கியது. “அண்ணி கடலப் பாத்துச்சா?”

“பாத்துக்கினு இருக்குது.”

“செரி, வெய்யி.”

தென்னரசு போனைச் சட்டைப் பையில் போட்டார். மலர்விழி பாறைகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி சுவரில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கிப் போறப்ப எறங்கிப் பாத்துட்டுப் போவோம். வழியிலதான கீது.”

அவர் செருப்பைக் கழற்றினார்.