கரமனைப் படித்துறையில் நான் அழித்த கோடு

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் போனேன். குப்பைமேடாகிக் கிடந்த கரமனை ஆற்றுப் படித்துறையை அக்கிரகாரத் தெருக்காரர்கள் சுத்தம் செய்து, பக்கச் சுவரில் ஆற்று மீன்களை வரையப் போவதாக அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது; ஆற்றுப் பக்கமே போகமாட்டேன். படம் வரையத் தெரியும் என்ற வீறாப்பில் ஒப்புக்கொண்டேன்.

நாகர்கோவிலில் காலை 6.30க்குப் பேருந்து. சுமார் எழுபது கிலோமீட்டர், 9.15க்குத் தம்பானூர். அங்கிருந்து கரமனை மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். "உச்சைக்கு மேல மழை கொட்டும் சேச்சி. ஆத்துப் பக்கம் சூக்ஷிச்சுப் போணும், கேட்டோ," என்றார் ஓட்டுநர். மதியத்துக்குமேல் ஆற்றுப் பக்கம் கவனம் என்கிறார் என்று புரிந்தது; தலையாட்டினேன்.

தண்ணீருக்கு மிக அருகிலிருந்த சுவர் எனக்கு வாய்த்தது. பாசியைச் சுரண்டியபோது மங்கலாக ஒரு காவிக்கோடு தெரிந்தது. பழைய கறை என்று நினைத்து, வெள்ளை இரண்டு கை பூசினேன். அதன் மேல் ஆளுயரத்துக்கு, துள்ளி எழும் ஒரு வரால் மீன். தெருவே வந்து பாராட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை 2.15க்கு மழை பிடித்தது. அக்கா வீடு படித்துறையிலிருந்து ஆறாவது. அவள் மாமனார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். நான்கு மணிக்கு, மேலே அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

"ஓடிப் போய்ப் பாருடி, ஜலம் காவிக்கோட்டைத் தொட்டுடுத்தான்னு. தொட்டுடுத்துன்னா மாமாவைத் தூக்கிடணும்," என்றாள் அக்கா.

"எந்தக் கோடு?" என்று கேட்கும்போதே நான் பூசி மறைத்த கறை நினைவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், வீட்டுக்குள் வர ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தமாம். தெரு முழுக்க அதை வைத்துத்தான் கிளம்பும். எல்லோருக்கும் தெரிந்ததை வெளியூர்க்காரிக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மீனைப் பாராட்ட வந்தவர்களும் கோட்டைத் தேடவில்லை; நானும் கேட்கவில்லை.

"அக்கா, நான் அதுமேலதான் மீன் வரைஞ்சிருக்கேன்."

அவள் குடையை என் கையில் திணித்தாள். படித்துறைக்கு ஓடினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் மீனின் வாலை நனைத்துக்கொண்டிருந்தது. வாழைத்தண்டு ஒன்று சுவரில் மோதி மோதிப் போனது. கோடு முழுகிவிட்டதா, இன்னும் இருக்கிறதா? எந்த உயரத்தில் அதைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"தெரியலைன்னா இப்பவே கிளம்பிடலாம்," என்றார் அத்திம்பேர், அக்காவின் கணவர். பிரம்பு நாற்காலியில் மாமாவைத் துண்டால் கட்டி, நான்கு பேர் தூக்கினார்கள். மேட்டிலிருந்த பள்ளிக்கூடம் இருநூறு மீட்டர்தான்; போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் குடை பிடித்தேன். பேச முடியாத அந்த மனிதர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு மணிக்குத் தண்ணீர் அக்கா வீட்டு வாசற்படி வரை வந்து நின்றது. நல்லவேளை, உள்ளே ஏறவில்லை.

ஞாயிறு காலை சுவர் முன்னால் தெருவே கூடியது. பழைய கோடு எங்கே இருந்தது? ஆளுக்கொரு உயரத்தில் கை வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் அக்கா, மீனின் வாயருகே ஆறு விட்டுப்போன சேற்றுத்தடத்தைக் காட்டினாள். "இது நம்ம வாசப்படி மட்டம். மூணு படி கீழ போடுடி. நேரம் கூடுதலாவே இருக்கட்டும்." மீனின் வயிற்றுக்குக் குறுக்கே காவிக்கோடு இழுத்தேன்.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், ஐப்பசியில் மதியத்துக்குமேல் படியிறங்காதீர்கள். ஆற்றங்கரைச் சுவரில் வரையக் கூப்பிட்டால் தாராளமாக வரையுங்கள். சுரண்டுவதற்கு முன்னால், அங்கிருக்கும் ஒவ்வொரு கீறலும் என்ன என்று தெருவில் கேளுங்கள்.

மழை பெய்தால் அக்கா இப்போது போன் செய்கிறாள். "வாலுக்குக் கீழதான் இருக்கு, கவலைப்படாதே" என்பாள். இன்று மதியத்திலிருந்து அங்கே மழை. இன்னும் அவள் கூப்பிடவில்லை.